கீச்சொலி முதல் கறுப்பு மை வரை: சைக்கிள் செயின் கோளாறுகளும் அவற்றுக்கேற்ற எண்ணெயும்

சைக்கிள் செயினுக்கு எந்த எண்ணெய் நல்லது என்ற கேள்விக்கு ஒற்றைப் பெயரை விடையாகச் சொல்லிவிட முடியாது. வண்டி ஓடும் சாலை, பருவம், செயினின் இப்போதைய நிலை ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆகவே கடைக்குப் போய்ப் புதுக் குப்பி வாங்குவதற்கு முன், உங்கள் செயின் காட்டும் அறிகுறி எது என்று கீழே பார்த்துக்கொள்ளுங்கள். பல சமயங்களில் குறை எண்ணெயில் இருப்பதில்லை; பூசிய முறையில் இருக்கும், அல்லது எந்த எண்ணெயாலும் மீட்க முடியாத அளவுக்குச் செயினே தேய்ந்திருக்கும்.

எண்ணெய் போய்ச் சேர வேண்டிய இடம்

ஒரு கண்ணியை உற்றுப் பார்த்தால் இரண்டு வெளித்தகடுகள், இரண்டு உள்தகடுகள், அவற்றை ஊடுருவி நிற்கும் ஓர் ஆணி, அதைச் சுற்றி உருளும் சிறு உருளை ஆகியவை தெரியும். செயின் பல்சக்கரத்தின் மேல் வளையும் ஒவ்வொரு முறையும், ஆணிக்கும் உள்தகட்டின் விளிம்புக்கும் இடையில்தான் உலோகம் உலோகத்தோடு உரசுகிறது. உருளையின் உட்புறத்திலும் அதே உரசல் உண்டு. மசகு வேண்டியது அந்த மறைவான இடைவெளிக்கு மட்டுமே. வெளியே பளபளவென்று தெரியும் தகடுகளுக்குத் துரு பிடிக்காமல் இருக்க மெல்லிய படலம் ஒன்று போதும். அதற்கு மேல் அங்கே நிற்கும் ஒவ்வொரு சொட்டும் தூசியை ஒட்டிக்கொள்ளவே பயன்படும்.

இன்றைய மோட்டார் சைக்கிள் செயின்கள் பலவற்றில் இந்த இடைவெளியை ரப்பர் வளையம் மூடியிருக்கும், கிரீஸ் உள்ளேயே அடைபட்டிருக்கும். சைக்கிள் செயினுக்கு அந்த வசதி கிடையாது. எண்ணெய் நுழையும் அதே வழியில்தான் மண்ணும் தண்ணீரும் நுழைகின்றன. 1999-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்றில், செயின் வழியாக ஆற்றல் கடத்தப்படும் திறன் அதிகபட்சம் 98.6 சதவீதம் வரை இருந்தது. தூசியில்லாத அந்த ஆய்வகச் சூழலில் எண்ணெய் இட்டதாலும் இடாததாலும் அந்தத் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு எண்ணெயே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சாலை ஆய்வகம் அல்ல. எண்ணெயின் முதல் வேலை வேகத்தைக் கூட்டுவதல்ல, மண்ணையும் நீரையும் ஆணியிடம் நெருங்க விடாமல் தேய்மானத்தைத் தள்ளிப்போடுவதே என்று இதைப் புரிந்துகொள்வது சரியாக இருக்கும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. வெளிர் நிறப் பனியன் துணியை மடித்து, செயினின் கீழ்ப்பகுதியை அதனால் லேசாகப் பற்றிக்கொண்டு, பெடலைப் பின்னோக்கி நான்கைந்து சுற்றுச் சுற்றுங்கள். துணியில் ஏறுவது சாம்பல் நிறப் பொடியா, கறுப்புப் பசையா, செம்பழுப்புத் துருவா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். கியர் இல்லாத சாதாரண வண்டிகளில் பெடல் பின்னோக்கிச் சுற்றும்போது செயின் தளர்வாக இருந்தால் கழன்றுகொள்ளும். அதனால் மெதுவாகச் சுற்றுவது நல்லது.

பெடல் மிதிக்கும்போது கீச்சுக் கீச்சென்று ஒலிக்கிறது

ஒலி செயினிலிருந்துதான் வருகிறதா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். மிதிப்பதை நிறுத்தி வண்டியை உருள விட்ட பிறகும் ஒலி தொடர்ந்தால் பிரேக் கட்டையையோ சக்கரத்தின் அச்சையோ பார்க்க வேண்டும். மிதிக்கும்போது, பெடல் ஒரு சுற்று வருவதற்கு ஒரு முறை மட்டும் ஒலித்தால் பெடலையோ, பெடல் தண்டுகள் இரண்டையும் இணைக்கும் பி.பி. ஆக்சிலையோ சந்தேகிக்க வேண்டும். இரண்டரைச் சுற்றுக்கு ஒரு முறை போல ஒலித்தால் செயினில் ஏதோ ஒரு கண்ணி மட்டும் சிக்கலில் இருக்கிறது என்று பொருள். 112 கண்ணிகள் கொண்ட செயின் 44 பற்கள் கொண்ட முன்பல்சக்கரத்தின் மேல் ஒரு முழுச் சுற்று வர ஏறத்தாழ இரண்டரை மிதி ஆகும் என்ற கணக்கிலிருந்து இது கிடைக்கிறது. இவை எதுவும் இல்லாமல், மிதிக்கும் நேரமெல்லாம் சிறு பறவைகள் கூடிக் கத்துவதுபோல இடைவிடாமல் ஒலித்தால் செயின் முழுவதும் வறண்டிருக்கிறது.

துணியில் பொடி மட்டுமே ஏறினால், பெரிய கழுவல் எதுவும் தேவையில்லை. துடைத்துவிட்டு எண்ணெய் இடலாம். செயினின் கீழ்ப்பகுதியில், சக்கரத்தைப் பார்த்த உட்பக்கத்தில், ஒவ்வோர் உருளையின் மேலும் ஒரு சொட்டு வீதம் விட வேண்டும். குப்பியின் முனையை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுப் பெடலை மெதுவாகச் சுற்றினால் கண்ணிகள் தாமாகவே முனையின் கீழ் வந்து போகும். உட்பக்கத்தில் இடச் சொல்வதற்குக் காரணம், ஓட்டத்தில் எண்ணெய் வெளிப்பக்கமாக வீசப்படும்போது அது கண்ணிக்குள் புகுந்து செல்லும் என்பதுதான். எல்லாக் கண்ணிகளுக்கும் இட்டபின் ஒரு நிமிடம் பெடலைச் சுற்றி, இரவு முழுவதும் அப்படியே விட்டுவிட்டு, காலையில் உலர்ந்த துணியால் மேற்புறத்தை அழுத்தித் துடைத்துவிடுங்கள். எண்ணெய் இட்ட உடனே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவதும், துடைக்காமல் விடுவதும்தான் பின்னால் சொல்லப்போகும் தொல்லைகளில் பலவற்றுக்குத் தொடக்கம்.

எந்த எண்ணெய் என்று கேட்டால், நகருக்குள் சில கிலோமீட்டர் மட்டும் ஓடும் சாதாரண வண்டிக்குத் தையல் மெஷின் எண்ணெயே தாராளமாகப் போதும். அது மெல்லியது, தூய்மையானது, ஆணி வரை எளிதாக ஊடுருவும். அதே மெல்லிய தன்மையால் விரைவில் வெளியேறியும் விடும் என்பதால் வாரம் ஒரு முறை இடுவதற்குச் சோம்பக் கூடாது. நாள்தோறும் நீண்ட தொலைவு ஓட்டுவோருக்குச் சைக்கிள் செயினுக்கென்றே விற்கும் நடுத்தர அடர்த்தியுள்ள எண்ணெய் வாங்கும் செலவு வீண் போகாது.

டபிள்யூ.டி-40 தெளித்தேன், இரண்டு நாளில் கீச்சொலி திரும்பிவிட்டது என்று பலர் சொல்வார்கள். இதில் வியப்பில்லை. 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் உருவான அந்தக் கலவை, பெயரிலேயே உள்ளபடி (டபிள்யூ.டி. என்பது ‘வாட்டர் டிஸ்ப்ளேஸ்மென்ட்’ என்பதன் சுருக்கம்), நீரை விரட்டுவதற்காகச் செய்யப்பட்டது. அதில் பெரும்பங்கு ஆவியாகிவிடும் கரைப்பான். அது போனபின் எஞ்சும் எண்ணெய்ப் படலம் மிக மெல்லியது. நனைந்த செயினிலிருந்து தண்ணீரை வெளியேற்றவும், துருவால் இறுகிய கண்ணியை இளக்கவும் அது நல்ல உதவி. அதன்பின் செயின் எண்ணெய் இட்டே ஆக வேண்டும். அதே நிறுவனம் சைக்கிள் செயினுக்கான எண்ணெய்களைத் தனியாக விற்கிறது.

செயின் முழுவதும் கறுப்பு மை படிந்திருக்கிறது

இதுதான் நம் ஊரில் அதிகம் காணப்படும் நிலை. தொட்டால் கையிலும் காற்சட்டையிலும் ஒட்டும் அந்தக் கறுப்பு வெறும் அழுக்கு அல்ல. சாலைத் தூசியும், செயினிலிருந்தே அரைபட்டு வந்த இரும்புத் துகளும் எண்ணெயில் குழைந்து உருவான பசை அது. விரல்களுக்கு இடையே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நைஸான மணல் நெருடுவது தெரியும். அந்தப் பசைதான் ஆணிகளை ஒவ்வொரு மிதியிலும் அரைத்துக்கொண்டிருக்கிறது. இதன் மேல் புது எண்ணெய் இடுவது, வெளியே நிற்கும் மண்ணைக் கரைத்து உள்ளே அனுப்பும் வேலையாகவே முடியும்.

அடர்த்தி மிகுந்த எண்ணெயை அளவுக்கு மீறி இட்டதுதான் பெரும்பாலும் காரணம். மோட்டார் சைக்கிளுக்கான செயின் ஸ்ப்ரே அதிவேகத்தில் சிதறாமல் ஒட்டி நிற்பதற்காகப் பிசுபிசுப்பாகத் தயாரிக்கப்படுவது; சைக்கிளின் வேகத்துக்கு அந்தப் பிசுபிசுப்பு தேவையில்லை, தூசிக்குத்தான் அது வசதி. கிரீஸ் தடவுவோரும் உண்டு. அறை வெப்பநிலையில் அது ஓடாது என்பதால் ஆணியை எட்டவே எட்டாது. வெளியே அப்பிக்கொண்டு நிற்கும், உள்ளே செயின் வறண்டு கீச்சிடும். மெக்கானிக் கடையில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுவதை நான் முற்றாக எதிர்க்கிறேன்: எரிபொருள் எரிந்த கரியும் உலோகத் துகளும் ஏற்கெனவே அதில் கலந்திருக்கின்றன, தோலுக்கும் அது கெடுதல். புதிய 20டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் அந்த அளவுக்கு மோசமல்ல; முழுச் செயின் கவர் உள்ள வண்டிக்குள் அது ஒழுங்காகவே வேலை செய்யும். திறந்த செயினுக்கு அது சற்று அதிகப்படியான கனம்.

சமையலறை எண்ணெய்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். நல்லெண்ணெய் காற்றுப் பட்டுக் காலப்போக்கில் கெட்டியாகிக் கோந்துபோல் ஒட்டும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு விரைவில் அப்படி ஆகாது என்றாலும், 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்குவதால் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் அது ஒன்றுக்கும் உதவாது. அவசரத்துக்கு, வீட்டுக்கு வந்து சேரும் வரை, எது கையில் கிடைத்தாலும் இடலாம். வந்தபின் கழுவிவிட வேண்டும்.

கழுவும் முறை இது. செயினைக் கழற்றி மாட்ட உதவும் இணைப்புக் கண்ணியான குயிக் லிங்க் இருந்தால் கழற்றி, வாயகன்ற பிளாஸ்டிக் புட்டியில் போட்டு, மண்ணெண்ணெயோ டீசலோ செயின் மூழ்கும் அளவு ஊற்றிக் குலுக்குங்கள். முதல் தடவை மை போலக் கறுத்துவிடும். அதை மாற்றி, ஊற்றும் திரவம் ஓரளவு தெளிவாகவே நிற்கும் வரை திரும்பச் செய்யுங்கள். கழற்ற முடியாத செயினுக்கு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை அதே திரவத்தில் தோய்த்து நான்கு பக்கமும் தேய்த்து, துணியால் ஒற்றியெடுக்கலாம். பின்சக்கரத்தின் பற்களுக்கு நடுவே உள்ள அடைசலையும், கியர் வண்டியானால் செயினை ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் டெரெய்லரின் இரு சிறு சக்கரங்களில் சுற்றியிருக்கும் கறுப்பு வளையத்தையும் சேர்த்துச் சுரண்டுங்கள், இல்லையென்றால் சுத்தமான செயின் ஒரே நாளில் மறுபடி அழுக்காகிவிடும். மிதிக்காதபோது பின்சக்கரத்தைத் தனியே உருளவிடும் ஃப்ரீவீலின் உள்ளே திரவம் இறங்காதபடி பார்த்துக்கொள்வதும் முக்கியம். உள்ளே இருக்கும் மசகை அது கழுவிக்கொண்டு போய்விடும். பெட்ரோல் வேண்டாம், அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். அழுக்குத் திரவத்தைச் சாக்கடையில் கொட்டாமல் புட்டியிலேயே மூடி வைத்தால் இரண்டு நாளில் வண்டல் அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். துருவைப் போக்குவதற்காக அமிலம் கலந்த திரவங்களில் ஊறவைப்பதை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள். கடினப்படுத்தப்பட்ட எஃகை அமிலம் நொறுங்கும் தன்மை உடையதாக்கிவிடும், ஓடும்போது தகடு வெடித்துச் செயின் அறுந்துபோகக் கூடும்.

கழுவி, துடைத்து, நன்றாக உலர்ந்தபின் இடுவதற்கு, பங்குனியிலிருந்து கத்திரி வெயில் முடியும் வரையிலான புழுதிக் காலத்தில் உலர்வகை எண்ணெயோ மெழுகுவகையோ ஏற்றது. உலர்வகை என்பது கரைப்பானோடு சேர்ந்து திரவமாக உள்ளே நுழைந்து, கரைப்பான் ஆவியானதும் மெல்லிய, அதிகம் ஒட்டாத படலமாகத் தங்கிவிடுவது. செம்மண் பூமியில் ஓட்டுவோருக்கு இந்த வேறுபாடு ஒரு வாரத்தில் கண்ணுக்கே தெரியும்.

ரிம்மிலும் காற்சட்டையிலும் எண்ணெய் தெறிக்கிறது

இட்டபின் துடைக்கவில்லை, அவ்வளவுதான். எண்ணெயை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் இதை அழகுக் குறையாக மட்டும் நினைத்துவிடக் கூடாது: ரிம் பிரேக் கட்டையில் எண்ணெய் பட்டால் பிரேக் வழுக்கும், டிஸ்க் பிரேக்கின் பேடில் பட்டால் அதைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டியிருக்கும். டிஸ்க் உள்ள வண்டியில் ஸ்ப்ரேயைத் தவிர்த்துச் சொட்டுக் குப்பியையே பயன்படுத்துங்கள்.

மழையில் ஓட்டிய மறுநாள் செயின் செம்பழுப்பாகிவிடுகிறது

உலர்வகையும் மெழுகுவகையும் மழைக்குத் தாங்காது. அவை போட்டிருந்த செயினை ஐப்பசி மழையில் ஒரு மணி நேரம் ஓட்டினால், மறுநாள் காலையில் தகடுகளின் ஓரங்களில் துருவின் மெல்லிய படலம் தெரிவது இயல்பு. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஈரவகை என்ற பெயரில் விற்கும் அடர்த்தியான செயின் எண்ணெய்க்கு மாறிவிடுவது நல்லது. நீலகிரியிலும் கன்னியாகுமரிப் பக்கமும் தென்மேற்குப் பருவமழையும் கணிசமாகப் பெய்வதால் அங்கே ஜூனிலேயே மாற்ற வேண்டிவரும். மழை நின்ற பின் அதே ஈரவகையைக் கோடையிலும் தொடர்ந்தால் முன்பகுதியில் பார்த்த கறுப்பு மைதான் மிஞ்சும். ஆகவே தை மாதத்தில் ஒரு முறை முழுமையாகக் கழுவி, வகையை மாற்றுங்கள். கழுவாமல் ஒன்றின் மேல் ஒன்றை இடுவதால் இரண்டின் நன்மையும் கிடைக்காது.

நனைந்து வீடு திரும்பியதும் செய்ய வேண்டியது, எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், துணியால் ஒரு முறை செயினைத் துடைத்து நீரை எடுத்துவிடுவது. எண்ணெயை மறுநாள் உலர்ந்தபின் இடலாம். ஈரத்தின் மேல் எண்ணெய் இட்டால் ஆணியருகே நீரை அடைத்துவைப்பதாகத்தான் ஆகும்.

மழையே இல்லாமல் துரு ஏறினால் காரணம் கடற்காற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய குடியிருப்புகளில், ஒரு வாரம் ஓட்டாமல் மாடிப்படியடியில் நிறுத்தி வைத்த வண்டியின் செயின்கூடச் செம்பழுப்பாவதுண்டு. அப்படிப்பட்ட இடங்களில், ஓட்டுகிறீர்களோ இல்லையோ, எண்ணெய் தோய்ந்த துணியால் செயினின் மேற்புறத்தை அவ்வப்போது ஒற்றி வைப்பது பலன் தரும். வெளித்தகட்டில் வேண்டுமென்றே சிறிது எண்ணெய் விட்டுவைக்கச் சொல்லும் இடம் இது ஒன்றுதான்.

கரகரவென்று அரைபடும் ஓசை கேட்கிறது

வறண்ட செயின் கீச்சிடும். மணல் புகுந்த செயின் கரகரக்கும். கையால் செயினை மெதுவாக வளைத்துப் பார்த்தால் நெருடலை விரலிலேயே உணரலாம். கடற்கரை மணலிலோ கட்டுமான வேலை நடக்கும் தெருவிலோ ஓட்டியபின் இது வரும். இங்கே எண்ணெய் இடுவது தவறான முதல் நடவடிக்கை. கழுவுங்கள், கடல்நீர் பட்டிருந்தால் முதலில் நல்ல தண்ணீரால் உப்பைப் போக்கிவிட்டு, உலர்த்தி, பிறகு மண்ணெண்ணெயில் கழுவுங்கள். அதிக அழுத்தத்தோடு பீய்ச்சும் தண்ணீர்க் குழாயை நேரே செயினிலும் அச்சுகளிலும் காட்டுவது மணலை உள்ளே தள்ளிவிடும்.

மெழுகு இட்டும் ஒலிக்கிறது, வெள்ளைச் செதில்கள் உதிர்கின்றன

புதிதாக இட்ட மெழுகு வளையும்போது முதல் சில நிமிடங்கள் செதில் உதிர்வது இயல்பே. ஆனால் ஒலியும் சேர்ந்து வந்தால், பழைய எண்ணெய்ப் பசை நீங்காத செயினின் மேல் மெழுகு போடப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். மெழுகு வெறும் உலோகத்தைத்தான் பற்றும். புதுச் செயினில் தொழிற்சாலை இட்ட கிரீஸையும் முழுக்கக் கழுவிய பிறகே மெழுகு போட வேண்டும்.

பாரஃபின் மெழுகை உருக்கி அதில் செயினை மூழ்கவைக்கும் முறையைப் பின்பற்றுவோர், மெழுகுப் பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைக்காமல் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்க வேண்டும். நேரடித் தீயில் மெழுகு அளவு மீறிச் சூடாகித் தீப்பிடித்துக்கொள்ளும். செயினும் மெழுகின் சூட்டை அடையும் வரை உள்ளேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் மெழுகு மேலே மட்டும் உறைந்து ஆணிவரை போகாது. நீரில் கலந்து சொட்டாக விற்கும் மெழுகு வகையானால், உலர்வதற்கு இரவு முழுவதும் தேவை. உலராமல் ஓட்டினால் அது வெறும் வெள்ளைத் தண்ணீர். மழைக்காலத்தில் நாள்தோறும் ஓட்டும் ஒருவருக்கு மெழுகைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. வார இறுதியில் மட்டும் உலர்ந்த சாலையில் ஓட்டுவோருக்கு அதைவிடச் சுத்தமானது வேறில்லை.

ஒரு கண்ணி மட்டும் நிமிர மறுக்கிறது

பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றினால், டெரெய்லரின் சிறு சக்கரத்தைத் தாண்டும்போது ஒரு கண்ணி மட்டும் துள்ளுவது தெரியும். துருவால் இறுகியிருந்தால் ஊடுருவும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, அரை மணி கழித்து, அந்தக் கண்ணியின் இருபுறமும் கட்டைவிரல்களை வைத்துப் பக்கவாட்டில் இப்படியும் அப்படியும் மெதுவாக நெகிழ்த்துங்கள். அப்போதும் இளகவில்லை என்றால் ஆணி ஒருபக்கமாகத் தள்ளியிருக்கும். செயின் கழற்றும் கருவியால் அதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

அழுத்தி மிதித்தால் செயின் பல்லைத் தாண்டுகிறது

கியர் வண்டியானால் கேபிளின் இழுவிசையை முதலில் சரிபாருங்கள். அது சரியாக இருந்தும் பல் தாண்டினால் எண்ணெயைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை, அளந்து பார்க்க வேண்டும். சைக்கிள் செயினில் ஆணிக்கு ஆணி தூரம் 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். எஃகு அளவுகோலை ஓர் ஆணியின் நடுவில் வைத்து, 24 கண்ணிகள் தள்ளி உள்ள ஆணியின் நடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். புதுச் செயினில் அது சரியாக 12 அங்குலம், 304.8 மில்லிமீட்டர். 306.3 ஆகியிருந்தால் 0.5 சதவீதம் நீண்டிருக்கிறது. 11, 12 கியர் கொண்ட பின்சக்கரமானால் அப்போதே செயினை மாற்றிவிடலாம். அதைவிடக் குறைந்த கியர்களுக்கு 0.75 சதவீதம், அதாவது 307.1 வரை பொறுக்கலாம். கியரில்லாத வண்டிக்கு 1 சதவீதம், 307.8 வரை விடுவது வழக்கம். தகடு இழுபட்டு நீள்வதில்லை. ஆணியும் உள்தகட்டின் விளிம்பும் தேய்ந்து அவற்றுக்கிடையே தளர்வு கூடுவதே இப்படி நீளமாகத் தெரிகிறது.

வரம்பைத் தாண்டி வெகுநாள் ஓடிய செயினை மாற்றும்போது, நீண்ட செயினுக்கேற்பத் தேய்ந்துபோன பின்சக்கரத்தின் பற்களில் புதுச் செயின் உட்காராமல் தாண்டும். அப்போது பின்பக்கப் பல்சக்கரத் தொகுதியை, அதாவது ஃப்ரீவீலையோ கேசட்டையோ, சேர்த்தே மாற்ற வேண்டிவரும். மெழுகு போடும் எண்ணம் இல்லையென்றால் புதுச் செயினைக் கழுவ வேண்டாம். அதன் கண்ணிகளுக்குள் தொழிற்சாலையிலேயே ஏற்றிய கிரீஸ் ஆணி வரை போயிருக்கிறது. மேலே படிந்திருப்பதை மட்டும் துணியால் துடைத்துவிட்டு ஓட்டுங்கள், முதல் மழையில் நனையும் வரை அதன் மேல் எந்த எண்ணெயும் இட வேண்டியதில்லை.